மேற்குச் சுவரிலிருந்து கிழக்குச் சுவருக்கு: செங்கோட்டை வீடொன்றில் குடும்பப் படங்களை இடம் மாற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

வீடு செங்கோட்டையில் இருக்கிறது. தெற்குப் பார்த்த வாசல். தார்சா என்கிற முன்கட்டு, அதைத் தாண்டிப் பட்டாசாலை என்கிற கூடம், அப்புறம் இரண்டாங்கட்டு, அடுக்களை என்று வடக்கே நீண்டு போகும் பழைய வீடு. மேற்கே ஒரு முடுக்கு, அதாவது குறுகிய சந்து. கிழக்குச் சுவர் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது, தேக்கு மச்சு, தரையிலிருந்து மச்சு வரை 11 அடி.

வீட்டில் நான்கு பேர்: 78 வயது ஆச்சி, அவருடைய மகன், மருமகள், பேத்தி. மகளைப் புனலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். ஆச்சியின் கணவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர்; காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது. பேத்திக்கு ஆவணியில் நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். வைகாசியில் என்னைக் கூப்பிட்டார்கள். தென்காசி வட்டாரத்தில் வீடுகளுக்கு உள்வேலை செய்து கொடுப்பது என் தொழில். ஆள் அடையாளம் தெரியாமல் எழுதக் குடும்பத்தார் சம்மதித்திருக்கிறார்கள்.

மருமகள் கேட்டது இவ்வளவுதான்: "பட்டாசாலை ஒரே இருட்டா இருக்கு. சுவர் பூராவும் படம். பெயின்ட் அடிச்சு, படத்தையும் கொஞ்சம் சரி பண்ணிக் கொடுங்க." மகன் வாசல் வரை கூடவே வந்து, "அம்மா மனசு நோகாமப் பாத்துக்கோங்க" என்றார். ஆச்சி எதுவும் சொல்லவில்லை. ஆனால் படங்களைக் கழற்றப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்ததிலிருந்து அவர் பட்டாசாலையில் உட்காருவதை நிறுத்திவிட்டார். சாய்வு நாற்காலி காலியாகக் கிடந்தது. இதைக் கவனித்து என்னிடம் சொன்னது மருமகள்தான். மாமியார் மருமகள் சண்டை என்று இதைப் படிக்க வேண்டாம். இருவருக்கும் அந்த அறை வேண்டியிருந்தது, ஆளுக்கொரு காரணத்துக்காக.

பார்த்தவை: சுவர்

மொத்தம் 31 படங்கள். எல்லாமே முடுக்கைப் பார்த்த மேற்குச் சுவரில், 7 அடிக்கு மேலே, இரண்டு மூன்று வரிசையாக இருந்தன. பழைய படங்கள் அந்தக் கால முறையில் மாட்டியவை: கீழ்விளிம்பு இரண்டு மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கும், மேலே கயிற்றால் ஆணியில் கட்டியிருக்கும், படம் முன்பக்கம் சாய்ந்து நம்மைக் குனிந்து பார்க்கும். கடந்த இருபது வருடத்தில் சேர்ந்தவை காங்கிரீட் ஆணியில் சுவரோடு ஒட்டி மாட்டப்பட்டிருந்தன.

சுவர் ஈரம். ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து விழும் ஊர் இது; ஆனி, ஆடியில் சாரல் மேற்குச் சுவர்களைக் காயவே விடாது. அது போதாதென்று முடுக்குப் பக்கம் கூரைத்தண்ணீர் இறங்கும் குழாய் மேல் முழங்கையில் உடைந்திருந்தது. சில வருடங்களுக்கு முன் யாரோ சொன்னதைக் கேட்டு உள்பக்கம் 4 அடி உயரத்துக்குச் சிமென்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்திருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும். சிமென்ட் போட்டு அடைத்தால் ஈரம் உள்ளேயே ஏறி, பூச்சு முடிகிற இடத்துக்கு மேலே வந்து வெளிப்படும். இங்கேயும் சரியாக அந்தக் கோட்டுக்கு மேலேதான் உப்புப் பூத்துப் பெயின்ட் பொரிந்திருந்தது.

படங்களைக் கழற்றியபோது ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. சாய்த்து மாட்டிய பழைய படங்களில் கீழ்விளிம்பு மட்டும்தான் கறைபட்டிருந்தது. ஒட்டி மாட்டிய புதிய படங்களில் பின்பலகை முழுவதும் பூஞ்சை. வயதில் மூத்தவை நன்றாக இருந்தன, இளையவை கெட்டிருந்தன. படத்துக்குப் பின்னால் காற்று போய் வந்ததுதான் வித்தியாசம். சாய்த்து மாட்டுவதைப் பழம்பாணி என்று நாம் ஒதுக்கியிருக்கக் கூடாது.

பார்த்தவை: படங்களும் ஆட்களும்

கழற்றுவதற்கு முன் ஆச்சியைப் பட்டாசாலைக்கு வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டேன். வந்தார். படங்கள் யார் யார் என்று கேட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி வரிசையாகச் சொன்னார். கணவரின் தகப்பனார், தாயார், அவர்களுக்குப் பக்கத்தில் பொன்னுத் தம்புரான், அப்புறம் ரயில்வே படம் என்று போனது. நடுவில் ஒரு படத்தைப் பேரனுடைய பட்டமளிப்புப் படம் என்றார். அங்கே இருந்தது வேறு படம். பட்டமளிப்புப் படத்தைக் கண்ணாடி உடைந்ததால் மகன் முந்தைய வருடமே கழற்றி, அந்த ஆணியில் ஒரு முருகன் படத்தை மாட்டியிருந்தார்.

ஆச்சிக்குக் கண்புரை அறுவை ஆகியிருக்கிறது. கிட்டத்துப் பார்வை பரவாயில்லை. ஆனால் 8 அடி உயரத்தில் சின்னச் சின்ன முகங்கள் அவருக்குத் தெரியவில்லை. எத்தனை வருடமாகத் தெரியவில்லையோ. அவர் படங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. இடத்தை வைத்துச் சொன்னார். யாருக்குப் பக்கத்தில் யார் என்ற அடுக்கு அவர் மனதில் இருந்தது. இந்த வேலையில் நாங்கள் பின்னால் எடுத்த எல்லா முடிவும் இதிலிருந்து வந்ததுதான்: அடுக்கைக் கலைக்காமல் உயரத்தை மாற்றலாம், சுவரைக்கூட மாற்றலாம்.

இன்னொரு வழக்கமும் அப்போது தெரிந்தது. காலையில் எழுந்ததும் அவர் வாசல் தெளித்துவிட்டு, தார்சாவிலிருந்து அடுக்களை வரை அந்தச் சுவரோரமாகவே நடந்து போவார். மூத்தவர்கள் வாசல் பக்கம், போகப் போகப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

படங்களில் சிலவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பொன்னுத் தம்புரான் என்று ஆச்சி சொன்னது திருவிதாங்கூரின் கடைசி மகாராஜா சித்திரைத் திருநாள் படம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை தமிழ்நாட்டோடு இல்லை. திருவிதாங்கூரிலும், பின்பு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. ஆச்சியின் மாமனார் அந்தச் சர்க்காரில் உத்தியோகம் பார்த்தவர். மருமகள் பாளையங்கோட்டைக்காரர். குடும்பப் படங்களுக்கு நடுவே ராஜா எதற்கு என்பது அவருக்குப் புரியவில்லை, கேட்கவும் கூச்சம். திருமணமாகி வந்து இத்தனை வருடத்தில் அன்றுதான் அந்தக் கதையை முழுதாகக் கேட்டார்.

மாமனார், மாமியார் சேர்ந்து நிற்கும் ஸ்டுடியோ படத்தின் பின்பக்கம் பென்சிலில் "1118" என்று எழுதியிருந்தது. ஸ்டுடியோ பில் நம்பர் என்று இவ்வளவு காலம் நினைத்திருந்தார்கள். அது மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டு. ஆங்கிலக் கணக்கில் 1942-43. பின்பலகைக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்த மலையாளப் பத்திரிகைத் துண்டும் அதற்குப் பொருந்தியது. இந்தப் படத்தின் ஒரு மூலை ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

லட்சுமி படம் ஒன்று. அசல் ரவிவர்மா என்பது வீட்டு நம்பிக்கை; விலைபோகும் என்று புனலூர் மகள் போனில் சொன்னார். 1894-ல் மும்பையில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் கல்லச்சுப் படங்களை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் வண்ணப் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் கையால் வைத்தது போல இருக்கும். இதில் ஒரே சீரான புள்ளிக்கட்டம். பிற்காலத்துக் காலண்டர் அச்சு. விலை இல்லை என்று தெரிந்ததும் அதன் மேலிருந்த சண்டையும் போய்விட்டது.

மகளின் கல்யாண கலர்ப்படம் முழுவதும் சிவந்திருந்தது. அந்தக் காலக் கலர்ப்படங்களில் நீலச்சாயம் முதலில் மங்கும், சிவப்பு மிஞ்சும். இருட்டில் வைத்திருந்தாலும் இது நடக்கும். வெளிச்சம் பட்டால் மற்ற சாயங்களும் சேர்ந்து போகும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, மேற்குச் சுவரில் இனி எதையும் மாட்டுவதில்லை. மருமகளுக்கு இது மகிழ்ச்சி, ஆச்சிக்கு இல்லை. நான் காரணத்தை விளக்கிக்கொண்டிருக்கவில்லை. ஸ்டுடியோ படத்தைக் கையில் கொடுத்து, ஒட்டிப்போன மூலையைக் காட்டினேன். அவர் அதை வெகுநேரம் மடியில் வைத்திருந்துவிட்டு, "அப்ப எதிர்ச் சுவருக்கே கொண்டு போயிருங்க தம்பி" என்றார்.

சுவருக்கு வைத்தியம் வெளியிலிருந்து தொடங்கியது. குழாயை மாற்றினோம், சாரல் வலுப்பதற்குள். உள்பக்கச் சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல்லைத் திறந்து விட்டோம். ஆனால் ஆடிச் சாரலில் சுண்ணாம்புப் பூச்சு காயாது. எனவே நிச்சயதார்த்தத்துக்காகத் தற்காலிகமாகச் சுண்ணாம்பு வெள்ளை மட்டும் அடித்து, முழுப் பூச்சைத் தை, மாசிக்குத் தள்ளினோம். சுவர் மேடுபள்ளமாகத் தெரிந்தது. தெரியட்டும் என்று மருமகள் சம்மதித்தது பெரிய விஷயம், ஏனென்றால் அவர் கேட்டிருந்தது வழுவழுப்பான பெயின்ட்.

அடுத்தது அடுக்கு. இங்கே ஒரு சிக்கல். மேற்குச் சுவரைப் பார்த்து நின்றால் இடக்கை வாசல் பக்கம், வலக்கை அடுக்களைப் பக்கம். கிழக்குச் சுவரைப் பார்த்து நின்றால் தலைகீழ். இடமிருந்து வலமாக அப்படியே பெயர்த்து மாட்டினால் மூத்தவர்கள் அடுக்களை ஓரத்துக்கும் பேரப்பிள்ளைகள் வாசலுக்கும் போய்விடுவார்கள். மகன், "படம் பாக்கிறவங்களுக்கு இடப்பக்கத்திலேருந்துதானே தொடங்கணும்" என்றார். வந்து போகிறவர்களுக்கு அது சரி. ஆனால் தினமும் அந்தச் சுவரோரம் நடப்பவர் ஆச்சி. அவர் வாசலிலிருந்து உள்ளே நடக்கிறார். ஆகவே வாசலிலிருந்து அடுக்களை என்ற வரிசையை வைத்துக்கொண்டு இட வல வரிசையை விட்டுவிட்டோம்.

எவை போகும், எவை இருக்கும் என்பதைக் கடைசியாகத்தான் பேசினோம். இந்த வரிசை முக்கியம். அழகைப் பற்றி முதலில் பேசத் தொடங்கியிருந்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஒருவர் வக்கீலாக நின்றிருப்பார். ஈரம் தின்ற படங்கள், பழுது பார்க்க வேண்டியவை, நன்றாக இருப்பவை என்று நிலையைப் பார்த்துப் பிரித்ததும் பாதிப் பேச்சு தானாக முடிந்தது. சாமி படங்கள் பூஜை அறைக்குப் போயின. பாத்திரக்கடைக் காலண்டர் படங்களை யாரும் கேட்கவில்லை. லட்சுமியை மகள் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சுவருக்கு 17 படங்கள் மிஞ்சின.

இறந்தவர், இருப்பவர் விஷயத்தில் ஆச்சி கண்டிப்பாக இருந்தார். மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் உயிரோடு இருப்பவர்கள் படம் கூடாது. கணவர் படத்துக்கு அடுத்தது மகன், மருமகள் படமாக வந்தது. இடையில் எதையாவது வைத்தாக வேண்டும். மருமகள், ஆச்சி கல்யாணத்துக்கு முன் துணியில் நூல் பின்னிய கிளி ஜோடியைக் கொண்டுவந்து அங்கே பிடித்துக் காட்டினார். ஆள் இல்லாத படம். அளவும் பொருந்தியது. ரயில்வே கூட்டப்படத்தில் இருப்பவரும் இல்லாதவரும் கலந்து நிற்கிறார்கள்; அதற்கு மாலை கிடையாது என்பதால் அது எங்கேயும் இருக்கலாம் என்று ஆச்சியே விலக்குக் கொடுத்தார்.

பழுது பார்க்கும் விஷயத்தில் குறைவாகச் செய்வது என்று வைத்துக்கொண்டோம். கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிரிக்கவில்லை. பிரித்தால் உருவம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே நகல் எடுத்து, நகலை மாட்டி, அசலை அட்டைப்பெட்டியில் வைத்து இரும்பு பீரோவில் வைக்கச் சொன்னேன். மற்றவற்றுக்குப் பின்பலகை, ராமபாணப் பூச்சி அரித்த பத்திரிகைத் தாள் எல்லாம் மாற்றி, அமிலமில்லாத அட்டை வைத்தோம். சிவந்த கல்யாணப்படம் நகலெடுத்து நிறம் திருத்த ஸ்டுடியோவுக்குப் போனது.

மாட்டிய விதம்

பழைய சுண்ணாம்புச் சாந்தில் ஆணி நிற்காது. அடிக்க அடிக்கப் பொரிந்து கொட்டும். படத்துக்கு ஒரு ஆணி என்று போவதை விட்டுவிட்டு, 7 அடி உயரத்தில் சுவர் நீளத்துக்கும் ஒரு தேக்கு ரீப்பர், அதாவது ஒடுங்கிய மரச்சட்டம், அடித்தோம். திருகாணிகளைச் சாந்தில் இல்லாமல் செங்கல்லில் துளை போட்டு பிளக் வைத்து இறக்கினோம். பொதுச்சுவர் என்பதால் பக்கத்து வீட்டில் முன்பே சொல்லிவிட்டோம். அந்தப் பக்கம் அவர்களுடைய அலமாரி இருந்தது. ரீப்பரிலிருந்து மெல்லிய சங்கிலிகளில் படங்கள் தொங்குகின்றன. யாரையாவது நகர்த்த வேண்டுமென்றால் கொக்கியை நகர்த்தினால் போதும், சுவரைத் தொட வேண்டாம்.

உயரத்துக்கு, முக்கிய வரிசையில் படத்தின் நடுப்பகுதி நாலரை அடியில் வரும்படி வைத்தோம். நின்று பார்ப்பவர்களுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு 4 அடி 9 அங்குலம். இந்த அறையில் பெரும்பாலும் உட்கார்ந்துதான் பார்க்கிறார்கள், ஆச்சி நடந்துபோகும்போது தொட்டுத் துடைக்கவும் வேண்டும். சோபாவை எதிர்ப்பக்கம் மாற்றினோம், ஈரச் சுவரை விட்டு அரை அடி தள்ளி.

மாட்டுவதற்கு முன் தினத்தந்தித் தாள்களைப் படங்களின் அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டிவிட்டு, சில நாள் அப்படியே விட்டோம். வீட்டில் எல்லோரும் போகிற வருகிற வழியில் தாள்களை நகர்த்தினார்கள். யார் எதை நகர்த்தினார்கள் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு படங்களை மட்டும் சோதனைக்கு மாட்டிப் பார்த்ததில் வேறொன்று தெரிந்தது. சாயங்காலம் மூன்று மணிக்கு மேல் மேற்கு ஜன்னல் முழுவதும் கண்ணாடியில் பிரதிபலித்தது. ஆச்சி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இதுல ஜன்னல்தான் தெரியுது" என்றார். பழைய முறைக்கே திரும்பினோம். சங்கிலி வளையத்தைச் சட்டத்தின் மேல்விளிம்பில் போடாமல் சற்றுக் கீழே இறக்கிப் போட்டதும் படம் முன்னால் சாய்ந்தது, ஜன்னல் மறைந்தது, பின்னால் காற்றுக்கும் வழி கிடைத்தது. சாரல் இல்லாத மாதங்களில் அதே ஜன்னல் வழியாக நேர்வெயில் விழும் இடம் ஒன்று உண்டு. அங்கே கருப்பு வெள்ளைப் படங்களின் நகல்களையும் கிளியையும் வைக்க முடிவானது. பிறகு கிளியை அங்கே வைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நூலின் சாயமும் வெயிலில் போகும். அந்த ஜன்னலுக்குத் திரை போட்டு, கிளியைக் கணவர் படத்துக்கும் மகன் படத்துக்கும் நடுவிலேயே விட்டோம்.

அதன் பின்

ஆவணி நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வாசலிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர் ரயில்வே படத்தின் முன் நின்று மீட்டர்கேஜ் காலத்துக் கதைகளைத் தொடங்கிவிட்டார். 1904-ல் ஓடத் தொடங்கிய கொல்லம் பாதையில் அவருடைய தகப்பனாரும் வேலை பார்த்தவராம். தாம்பூலம் மாற்றுவது அரை மணி தாமதம்.

ஆச்சி நாற்காலிக்குத் திரும்பினார், ஆனால் உடனே இல்லை. முதலில் நின்று நின்று பார்த்தார். முகங்கள் இப்போது தெரிந்ததில் எல்லாமே அவருக்கு இன்பமாக இருந்தது என்று சொல்ல முடியாது. கணவரின் படம் கண்ணுக்கு நேராக இருப்பது முதலில் கஷ்டமாக இருந்திருக்கிறது. அதை ஒரு முழம் உயர்த்தித் தரச் சொன்னார். கொக்கியை மாற்றிச் சங்கிலியைச் சுருக்கினோம். வரிசை கொஞ்சம் கோணலானது. அப்படியே இருக்கிறது.

மகாராஜா படத்தை இடம் போதாமல் தார்சாவுக்கு மாற்றியிருந்தோம். வருகிறவர்களுக்கு முதலில் அவர்தான் தெரிவார், மரியாதைதான் என்று மகன் சமாதானம் சொன்னார். ஐப்பசியில் ஆச்சி அதைத் திரும்ப மாமனார் பக்கத்தில் வைக்கச் சொல்லிவிட்டார். வைத்தார்கள்.

புனலூர் மகளுக்குத்தான் வருத்தம். நிச்சயதார்த்த வீடியோவில் சுவர் முழுவதும் தெரிந்தது. அவருடைய கல்யாணப்படம் மட்டும் ஸ்டுடியோவில் இருந்தது. "மதினி, என் படத்த மட்டும் எடுத்துட்டீங்களா" என்று நேராகவே கேட்டுவிட்டார். திருத்திய நகல் வந்து மாட்டியபின் பேச்சு சரியானது. ஆனால் நகலில் சேலை நிறம் தவறு என்று அவரும், சரி என்று ஆச்சியும் இன்னும் சொல்கிறார்கள். அசல் இப்போது புனலூரில்.

மேற்குச் சுவருக்கு மாசியில் சுண்ணாம்புப் பூச்சு போட்டோம். அடுத்த ஆடிச் சாரலில் ஜன்னலுக்குக் கீழே ஒரு இடத்தில் மட்டும் ஈரம் தெரிந்தது. ஜன்னல் படியின் வெளிச்சரிவு உள்பக்கம் திரும்பியிருந்ததுதான் காரணம், அது திருத்தப்பட்டது. சுவரில் படம் எதுவும் இல்லை. மருமகளுக்கு அந்த வெறுஞ்சுவர் பிடித்திருக்கிறது.

மாற்றிச் செய்யக்கூடியது

இதுபோன்ற அடுத்த வீட்டில், கழற்றத் தொடங்கும் முன் மாட்டியிருக்கும் சுவரை அப்படியே போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் அனுப்பி, அவரவர் படம் எங்கே போகிறது, எப்போது திரும்பும் என்று சொல்லிவிடலாம். புனலூர் வருத்தத்துக்கு அவ்வளவே போதுமாக இருந்திருக்கும்.

பழுது பார்க்கப் போகும் படத்தின் ஆணி காலியாக இருக்கக் கூடாது. ஜெராக்ஸ் நகலாவது அங்கே தொங்கட்டும்.

முதியவர் ஒருவர் படங்களின் பெயரைச் சொல்லும்போது மகனோ பேத்தியோ பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும். இந்த வீட்டில் ரயில்வே படத்தில் நிற்பவர்களில் ஆச்சிக்குத் தெரிந்த பெயர்களைப் பேத்தி பிறகு எழுதி ஒட்டினார். எழுதும்போது மென்மையான பென்சிலில், படத்தின் முதுகில் அழுத்தாமல், அட்டையில் எழுதி ஒட்டுவது நல்லது. வருடத்தைக் கொல்லம் ஆண்டிலும் ஆங்கில ஆண்டிலும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறேன்.

சாரல் ஊர்களில் சுவர் வேலையை விசேஷத்துக்குள் முடித்துத் தருகிறேன் என்று யாரும் ஒப்புக்கொள்ளாமல் இருப்பது நல்லது. தேதி குறித்த விசேஷத்துக்கு வெள்ளையடிப்பு மட்டும். பூச்சு தை பிறந்த பின்.